போர் நடக்கும்போது பாட்டுக்கும் இசைச் செய்திக்கும் போவது தப்பித்து ஓடுவதா?

போர்ச் செய்திகளை நாள் முழுக்கப் பின்தொடரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "ஒரு கட்டத்துக்கு மேல் தாங்க முடிவதில்லை. பாட்டு கேட்கிறேன். யார் புது ஆல்பம் போட்டார்கள், எந்தக் கச்சேரி எப்போது என்று இசைச் செய்திகளைத் தேடிப் படிக்கிறேன். அங்கே ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது இது தப்பித்து ஓடுவதுதானே? முந்தைய போர்களில் மக்கள் என்ன செய்தார்கள்?"

குண்டு விழுந்துகொண்டிருந்த ஊர்களிலேயே மக்கள் இதைத்தான் செய்தார்கள். ராத்திரி முழுக்கப் பதுங்கு அறையில் இருந்துவிட்டு மறுநாள் மதியம் கச்சேரிக்கு வரிசையில் நின்றார்கள். நாஜிகளின் முகாமுக்குள் அடைபட்ட ஒருவர் அங்கே நடந்த கச்சேரிகளுக்கு விமர்சனம் எழுதியிருக்கிறார். இவர்களை எல்லாம் ஓடிப்போனவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. பாட்டு ஆறுதல் தரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம், அதை நான் நீட்டப் போவதில்லை. உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுவது இசைச் செய்தி என்ற பகுதி. கச்சேரி அறிவிப்பு, நிகழ்ச்சி நிரல், விமர்சனம், யார் எந்தக் குழுவில் சேர்ந்தார் என்ற தகவல், இவற்றுக்குப் போர்க்காலத்தில் ஒரு தனி வேலை உண்டு. அடுத்த வாரம் என்று ஒன்று வரப்போகிறது என்பதை அவை சொல்லிக்கொண்டே இருக்கும்.

நான் நன்றாக அறிந்தது இரண்டாம் உலகப் போர்க்கால லண்டன். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1939 செப்டம்பர் 3 அன்று பிரிட்டன் போரில் இறங்கியதும் அரசு முதலில் செய்த காரியங்களில் ஒன்று, தியேட்டர், சினிமா, கச்சேரி அரங்கு எல்லாவற்றையும் மூடச் சொன்னது. கூட்டம் கூடும் இடத்தில் குண்டு விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம். நியாயமான பயம்தான். லண்டனில் வருஷாவருஷம் நடக்கும் பிராம்ஸ் (Proms) இசை விழா அந்த முறை பாதியிலேயே நின்றது. பிபிசி தன் தொலைக்காட்சியை மூடியது, பல வானொலி நிகழ்ச்சிகளை ஒன்றாகச் சுருக்கி ஒரே அலைவரிசை ஆக்கியது. அந்த ஒரே அலைவரிசையில் என்ன வந்தது? செய்தி, அரசு அறிவிப்பு, இசைத்தட்டு, அப்புறம் தியேட்டர்களில் வாசிக்கும் ஆர்கன் என்ற பெரிய விசை வாத்தியம். சாண்டி மெக்ஃபர்சன் என்ற ஆர்கன் கலைஞர் ஏறக்குறைய தனி ஆளாக முதல் சில வாரங்களை இழுத்துக்கொண்டு போனார். பாவம், அவர் நல்ல கலைஞர், ஓய்வில்லாமல் உழைத்தார். ஆனால் கேட்டவர்கள் சலித்துப்போய்ப் புகார் செய்தார்கள்.

இந்தப் புகாரை நான் மிகவும் மதிக்கிறேன். நாட்டின் தலைக்கு மேல் போர் வந்து நிற்கிறது, கிடைத்த இசையைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கலாமே என்று தோன்றும். அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஏதோ ஒரு சத்தம் காதில் விழுந்தால் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் ரசனை அவர்களிடம் அப்படியே இருந்தது. அதைப் போரிடம் விட்டுக்கொடுக்க அவர்கள் தயாராக இல்லை.

அந்த நேரத்தில்தான் மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் ஒரு யோசனையோடு தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநர் கென்னத் கிளார்க்கிடம் போனார். டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கும் அந்தக் கூடத்தின் ஓவியங்களை எல்லாம் குண்டுக்குப் பயந்து வேல்ஸ் பக்கம் அனுப்பிவிட்டார்கள். சுவர்கள் காலி. இங்கே கச்சேரி வைக்கலாமா என்று கேட்டார். எப்போதாவது ஒன்று போதாது, தினமும் வையுங்கள் என்றார் கிளார்க். 1939 அக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை மதியம் 1 மணிக்கு முதல் கச்சேரி. ஹெஸ்ஸே வாசித்தார். 200 பேர் வரை உள்ளே விடலாம் என்பதுதான் அனுமதி. வந்து நின்றது ஆயிரம் பேர் அளவிலான கூட்டம்.

அதன் பிறகு திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் மதியக் கச்சேரி. நுழைவுக் கட்டணம் 1 ஷில்லிங். அலுவலக இடைவேளையில் வந்து, அங்கேயே விற்ற சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகலாம். குமாஸ்தாக்கள், நர்சுகள், விடுப்பில் வந்த சிப்பாய்கள், கடைப் பெண்கள் என்று பலரும் வந்தார்கள். வாசித்த கலைஞர் பேர்போனவரானாலும் புதியவரானாலும் ஒரே சம்பளம், 5 கினி, அதாவது ஐந்தே கால் பவுண்டு. ஹெஸ் தனக்கு எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. மிச்சப் பணம் கஷ்டப்படும் இசைக் கலைஞர்களுக்கான நிதிக்குப் போயிற்று. 1946 ஏப்ரல் 10 வரை ஆறரை வருஷம் இது நடந்தது. மொத்தம் 1,698 கச்சேரிகள், 8 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வந்து கேட்டிருக்கிறார்கள்.

1940 செப்டம்பரில் லண்டன் மீது இரவுதோறும் குண்டு விழ ஆரம்பித்தபோது கச்சேரியை அடித்தளத்துக்கு மாற்றினார்கள். கட்டடத்தின் மேலேயே பல தடவை குண்டு விழுந்தது. ஒரு முறை, கட்டடத்துக்குள் வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று பீத்தோவனின் நால்வர் இசை நடந்துகொண்டிருக்கும்போதே வெடித்தது. வாசித்தவர்கள் நிறுத்தவில்லை. இந்தச் சம்பவத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது அவர்கள் நிகழ்ச்சிகளை அமைத்த விதம். மொசார்ட்டின் பியானோ கன்செர்ட்டோக்களை வரிசையாக, பீத்தோவனின் நால்வர் இசைகளை வரிசையாக என்று தொடர்களாக வைத்தார்கள். தொடர் என்றால் என்ன அர்த்தம்? இன்று இந்தப் பாகம், அடுத்தது அடுத்த வாரம். நாளை காலை வீடு இருக்குமா என்று தெரியாத ஊரில், அடுத்த வாரம் இன்ன கிழமை இன்ன மணிக்கு இன்னது வாசிக்கப்படும் என்று தாளில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறவர் ஓடிப்போகிறவர் இல்லை. அவர் அடுத்த வாரத்துக்குத் தன் பெயரை எழுதிவைக்கிறவர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கூடத்தில் அதிகம் ஒலித்தது யாருடைய இசை? பாக், பீத்தோவன், ஷூபர்ட், இசையமைப்பாளர் பிராம்ஸ் (Brahms). எல்லாம் ஜெர்மன் மொழி பேசியவர்களின் இசை. ஹெஸ் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனி லண்டனைக் கொளுத்திக்கொண்டிருந்தபோது ஒரு யூதப் பெண் உட்கார்ந்து பாக் வாசிக்கிறார், லண்டன்காரர்கள் கேட்கிறார்கள். முதல் உலகப் போரில் நிலைமை வேறு. அமெரிக்காவில் பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவை நடத்திவந்த, ஜெர்மனியில் பிறந்த கார்ல் முக் என்பவரை 1918-இல் கைது செய்து முகாமில் அடைத்து, பிறகு நாடு கடத்தினார்கள். இருபது வருஷத்தில் இசை ரசிகர்கள் எவ்வளவோ தூரம் வந்துவிட்டார்கள். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் முதல் நான்கு சுரங்கள் மூன்று குறில் ஒரு நெடில் என்று வரும். மோர்ஸ் தந்தி முறையில் ஆங்கில 'வி' எழுத்துக்கும் அதே கணக்குதான். வெற்றி என்பதன் அடையாளமாக அதையே பிபிசி 1941-இல் ஐரோப்பிய ஒலிபரப்புகளுக்கு முத்திரையாக எடுத்துக்கொண்டது. ஜெர்மானியரின் இசையே ஹிட்லருக்கு எதிரான அடையாளம் ஆகிவிட்டது.

1941 மே 10 இரவு குயின்ஸ் ஹால் எரிந்தது. பிராம்ஸ் விழாவுக்குப் பல வருஷமாக வீடாக இருந்த அரங்கம். அன்று மதியம்கூட அங்கே எல்கரின் பெரிய படைப்பு ஒன்றை மால்கம் சார்ஜென்ட் நடத்தியிருந்தார். ராத்திரி தீக்குண்டு விழுந்து கூரை போய்விட்டது. லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவின் கலைஞர்கள் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்த வாத்தியங்களும் கருகின. வேண்டுகோள் விட்டதும் நாடெங்கும் இருந்து மக்கள் தங்கள் வீட்டு வயலின்களையும் எக்காளங்களையும் அனுப்பிவைத்தார்கள். அந்த வருஷ பிராம்ஸ் ஜூலையில் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது. இன்றும் அங்கேதான் நடக்கிறது. எங்கே நடக்கும், யார் நடத்துவார், சீட்டு எங்கே கிடைக்கும் என்ற தகவலுக்கு அந்த இரண்டு மாதத்தில் எவ்வளவு கனம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

லேசான இசையின் பக்கமும் அப்படித்தான். 'மெலடி மேக்கர்' என்ற வாரப் பத்திரிகை டான்ஸ் பேண்ட் கலைஞர்களுக்கும் ரசிகர்களுக்குமானது. காகிதத் தட்டுப்பாட்டில் பக்கம் குறைந்தும் போர் முழுக்க வெளிவந்தது. அந்தக் காலத்தில் இசைச் செய்தி என்பதே போர்ச் செய்திதான். எந்த டிரம்பட்காரர் பட்டாளத்துக்குப் போனார், எந்தக் குழு கலைந்தது, விமானப்படைக்குள்ளேயே உருவான ஸ்குவாட்ரனேர்ஸ் குழுவில் யார் இருக்கிறார்கள், இதெல்லாம் ரசிகனுக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள். அப்புறம் சாவுச் செய்தி. 1941 மார்ச் 8 இரவு, தரைக்கு அடியில் இருப்பதால் மிகவும் பாதுகாப்பானது என்று நம்பப்பட்ட கஃபே டி பாரிஸ் கேளிக்கைக்கூடத்தில் குண்டு விழுந்தது. மேடையில் இருந்த கென் 'ஸ்நேக்ஹிப்ஸ்' ஜான்சன் இறந்தார். பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்து, கறுப்பினக் கலைஞர்களைச் சேர்த்து லண்டனின் மிக நல்ல ஸ்விங் குழுக்களில் ஒன்றை உருவாக்கியவர். வயது 26. ஐந்தாறு வாரம் கழித்து, ஏப்ரல் 17-இல், பாடகர் ஆல் பௌலி. வெளியூரில் பாடிவிட்டு அன்றிரவே லண்டன் திரும்பி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் பாராசூட் வெடியில் போனார். இந்தச் செய்தியைப் படித்த ரசிகனைப் பார்த்து, நீ போரை மறந்து பாட்டுப் பத்திரிகை படிக்கிறாய் என்று யாரால் சொல்ல முடியும்?

இசைத்தட்டு வரைக்கும் போர் வந்தது. அன்றைய இசைத்தட்டுக்கு மூலப்பொருள் அரக்கு. அது பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போனது. கப்பல் போக்குவரத்து கெட்டதும், அரக்குக்கு ராணுவத் தேவை கூடியதும், 1942-இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு ஒதுக்கும் அரக்கைப் பெருமளவு வெட்டியது. புதுத் தட்டு வேண்டுமானால் பழைய தட்டைக் கொண்டுவந்து கொடுங்கள் என்று கடைகளில் சொன்னார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் இசைக் கலைஞர்கள் சங்கம் ஒலிப்பதிவுக்கு வரமாட்டோம் என்று வேலைநிறுத்தம் தொடங்கியது. இதையெல்லாம் வாராவாரம் படித்துக்கொண்டுதான் ரசிகர்கள் இருந்தார்கள்.

அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பிபிசி 1940 ஜூனில் தொழிற்சாலைகளுக்காகத் தினமும் இரண்டு வேளை அரை அரை மணி நேர இசை நிகழ்ச்சி தொடங்கியது. ஆயுதத் தொழிற்சாலைகளில் ஒலிபெருக்கி வைத்துப் போட்டார்கள், உற்பத்தி கூடும் என்று. கைதட்ட வேண்டிய ஒரு பாட்டு வந்தால் தொழிலாளிகள் கையிலிருக்கும் கருவியை இயந்திரத்தில் தட்டுகிறார்கள் என்று அந்தப் பாட்டையே விலக்கிவைத்தார்கள். 1942-இல் உருகி அழும் பாட்டுகளை வடிகட்ட ஒரு குழுவே போட்டார்கள். வேரா லின் பாடும் பிரிவுப் பாட்டுகள் சிப்பாயின் மனத்தைத் தளர்த்திவிடும் என்று மேலே இருந்தவர்களுக்குப் பயம். சிப்பாய்களோ அவருக்குத்தான் கடிதம் எழுதிக் குவித்தார்கள். 1944-இல் அவர் பர்மா முனை வரைக்கும் போய்ப் பாடினார். அங்கே போரிட்ட 14-ஆவது படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். வீட்டை நினைத்து அழுதவன் மறுநாள் காவலுக்கு நிற்க மாட்டான் என்ற அதிகாரிகளின் கணக்குத் தப்பாகத்தான் போனது.

இப்போது லெனின்கிராட், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப்படும் ரஷ்ய நகரம். 1941 செப்டம்பரிலிருந்து 1944 ஜனவரி வரை 872 நாள் ஜெர்மன் படைகளின் முற்றுகை. முதல் குளிர்காலத்தில் வேலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி, அதிலும் கலப்படம். பட்டினியில் லட்சக்கணக்கில் செத்தார்கள். வீடுகளில் கம்பி வழி ஒலிபெருக்கி இருந்தது. நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் அதில் மெட்ரோனோம் ஒலிக்கும். இசை மாணவர்கள் தாளம் பிடிக்க வைத்துக்கொள்ளும் அதே கருவி. மெதுவாக அடித்தால் ஆபத்தில்லை, வேகமாக அடித்தால் தாக்குதல் வருகிறது.

சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச் தன் ஏழாம் சிம்பொனியை அந்த நகரில் எழுத ஆரம்பித்தார். அங்கிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு, 1941 டிசம்பரில், குய்பிஷேவ் என்ற ரஷ்ய நகரில் முடித்தார். முதல் அரங்கேற்றம் அங்கேயே 1942 மார்ச் 5. அதன் பிறகு நடந்தது இசைச் செய்தியின் சரித்திரத்தில் தனி அத்தியாயம். சுரக்குறிப்பு முழுவதையும் மைக்ரோஃபிலிமில் படம்பிடித்து தெஹ்ரான், கெய்ரோ வழியாக மேற்குக்கு அனுப்பினார்கள். ஜூன் 22 அன்று, ரஷ்யா மீது படையெடுப்பு நடந்து சரியாக ஒரு வருஷம் ஆன நாளில், ஹென்றி உட் அதை லண்டனிலிருந்து ஒலிபரப்பினார். அமெரிக்காவில் முதலில் நடத்தப்போவது யார் என்று பெரிய நடத்துநர்களுக்குள் போட்டி. கடைசியில் டோஸ்கனினி ஜூலை 19-இல் வானொலியில் நடத்தினார். தீயணைப்பு வீரர் தலைக்கவசத்தோடு ஷோஸ்டகோவிச்சின் படத்தை 'டைம்' வார இதழ் அட்டையில் போட்டது. ஒரு சிம்பொனி எந்த ஊருக்கு எப்போது வந்து சேரும் என்று உலகமே காத்திருந்தது. அந்த இசைச் செய்தியைப் படித்த அமெரிக்கர் பலருக்கு அதன் வழியாகத்தான் லெனின்கிராட் பட்டினி மனத்தில் பதிந்திருக்கும்.

அந்த நகரத்துக்குள்ளேயே அதை வாசிக்க வேண்டும் என்று முடிவானபோது வானொலி இசைக்குழுவில் ஆள் இல்லை. குளிர்காலத்தில் பாதிப்பேர் போய்விட்டார்கள். நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்கின் முதல் ஒத்திகைக்கு வந்தவர்கள் சுமார் 15 பேர், ஊதுகிற வாத்தியக்காரர்களுக்கு ஊத மூச்சில்லை. போர்முனையில் இருந்த ராணுவ பேண்டுகளிலிருந்து ஆள் எடுத்தார்கள். வாசிப்பவர்களுக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். 1942 ஆகஸ்ட் 9 அன்று ஃபில்ஹார்மோனிக் அரங்கில் வாசித்தார்கள். கச்சேரி நேரத்தில் ஜெர்மன் பீரங்கிகள் சுடாமல் இருக்க, சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அவற்றைத் தாக்கி அடக்கின. ஒலிபெருக்கி வைத்து எதிரி முனைக்கும் கேட்கும்படி செய்தார்கள். இதில் அரசியல் பிரசாரம் இல்லையா என்றால், நிறைய இருந்தது. ஸ்டாலின் அரசுக்கு அந்தச் சிம்பொனி பெரிய ஆயுதம். ஆனாலும் அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்கள், உடம்பில் தெம்பில்லாமல் நடந்து வந்தவர்கள், அரசுக்காக மட்டும் வந்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆளை இனிமேல்தான் சொல்கிறேன். விக்டர் உல்மான் என்ற இசையமைப்பாளர். 1942 செப்டம்பரில் அவரை ப்ராகிலிருந்து தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கிழக்கே கொலை முகாம்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் யூதர்களை அடைத்துவைத்த இடம் அது. பசி, நோய், நெரிசல். அதற்குள் கைதிகள் கச்சேரி நடத்தினார்கள். ரஃபேல் ஷெக்டர் என்பவர் வெர்டியின் ரெக்வியம் என்ற, இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசையைப் பாட ஒரு பெரிய குழுவையே மனப்பாடமாகத் தயார் செய்தார். குழுவில் இருந்தவர்களை ரயிலேற்றி அனுப்பிவிடுவார்கள். அவர் மறுபடியும் ஆள் சேர்த்துக் கற்றுக்கொடுப்பார். குழந்தைகள் ஒரு சிறுவர் இசை நாடகத்தை 50 தடவைக்கும் மேல் நடித்தார்கள். உல்மான் அங்கே ஒரு முழு ஆபராவும் பியானோ சொனாட்டாக்களும் எழுதினார்.

அதோடு அவர் அந்த முகாமுக்குள் நடந்த கச்சேரிகளுக்கு விமர்சனமும் எழுதினார். 26 விமர்சனங்கள் இன்று கிடைக்கின்றன. வாசிப்பு எப்படி இருந்தது, எந்தப் படைப்பைத் தேர்ந்தெடுத்தார்கள், அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று ஒரு நகரத்துப் பத்திரிகையின் விமர்சகர் எழுதுவதைப் போலவே எழுதினார். பாவம், கைதிகள், ஏதோ முடிந்ததைச் செய்கிறார்கள் என்று அவர் சலுகை கொடுக்கவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை தெரியாது. மனிதரை வெறும் எண்ணாக்கி, மூட்டையாக்கிய இடத்தில், நீ பாடகி, உன் இரண்டாம் பகுதி சிறப்பாக இருந்தது, இதை இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்று ஒருவர் எழுதிக்காட்டுகிறார். இன்னும் நன்றாகச் செய்ய முடியும் என்றால் இன்னொரு கச்சேரி உண்டு என்று அர்த்தம். 1944 அக்டோபரில் உல்மானை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். எழுதியவற்றை முகாமிலேயே ஒப்படைத்துவிட்டுப் போனதால் அவை பிழைத்தன.

இதே முகாமின் இசையை நாஜிகள் பயன்படுத்தியதையும் சொல்லியாக வேண்டும். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கக் குழு வந்தபோது, பாருங்கள் இங்கே கைதிகள் பாடி மகிழ்கிறார்கள் என்று காட்டினார்கள். ஜெர்மன் வானொலியில் சிப்பாய்களுக்கான நேயர் விருப்ப நிகழ்ச்சி 1939-இலிருந்தே பெரிய அளவில் நடந்தது. வீட்டில் பிறந்த குழந்தையின் செய்தியைப் போர்முனையில் இருக்கும் அப்பாவுக்குப் பாட்டோடு சேர்த்துச் சொல்வார்கள். உருக்கமான விஷயம்தான், அதை வைத்தே ஒரு கொலைகார அரசு தன் மக்களைக் கட்டிப்போட்டது. ஆகவே பாட்டு என்றாலே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. யார் போடுகிறார்கள், கேட்டு முடித்ததும் யார் மேல் கோபம் ஏறுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எதிரியை மனிதனாகவே நினைக்கவிடாத பாட்டு எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அதை அணைத்துவிடலாம்.

நம் ஆட்கள் அனுபவித்ததும் உண்டு. 1990-இல் சண்டை மறுபடி தொடங்கியதும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் போனது. பொருளாதாரத் தடையில் பேட்டரியும் சேர்ந்துகொண்டது. அங்கே சைக்கிளை நிறுத்தி, டைனமோவிலிருந்து கம்பி இழுத்து, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் ரேடியோ கேட்டார்கள். பிபிசி தமிழோசையும் வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பும் செய்திக்கு. அது உயிர் பிழைக்கும் தேவை, யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அதே டைனமோவில் பாட்டும் கேட்டார்கள், கேசட்டும் போட்டார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் யாரோ ஒருவர் கால் வலிக்க மிதிக்க வேண்டும். செய்தி முடிந்ததும் மிதிப்பதை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கலாம். அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கேட்டுப்பாருங்கள். எந்தப் பாட்டுக்காக மிதித்தோம் என்பது வரை அவர்களுக்கு நினைவிருக்கும்.

அண்மைய உதாரணம் உக்ரைன். கார்கிவ் நகரில் வருஷாவருஷம் நடக்கும் செவ்வியல் இசை விழா 2022 மார்ச் 26-இல் தொடங்க வேண்டும் என்று முன்பே தேதி குறித்திருந்தார்கள். பிப்ரவரி 24-இல் படையெடுப்பு. மார்ச் 26 அன்று, மக்கள் பதுங்கியிருந்த மெட்ரோ நிலையத்தில், படிக்கட்டையும் நடைமேடையையும் அரங்கமாக்கி வாசித்தார்கள். இடம்தான் மாறியது, குறித்த தேதியைப் போர் மாற்றவிடவில்லை. அந்த வருஷம் மே 14-இல் யூரோவிஷன் பாட்டுப் போட்டியை உக்ரைனியத் தொலைக்காட்சிக்கு வர்ணனை செய்த திமுர் மிரோஷ்னிசென்கோ பதுங்கு அறையில் உட்கார்ந்து பேசினார். ஜெயித்தது அவர் நாட்டின் கலுஷ் ஆர்கெஸ்ட்ரா. கோப்பையை ஏலம் விட்டு வந்த 9 லட்சம் டாலரை ராணுவத்துக்கு ட்ரோன் வாங்கக் கொடுத்தார்கள். ஒடேசா ஆபரா ஜூனில் திறந்தபோது, சைரன் அடித்தால் அடியில் உள்ள பதுங்கு இடத்தில் எத்தனை பேர் கொள்வார்களோ அத்தனை சீட்டுதான் விற்றார்கள்.

எல்லோராலும் கேட்க முடியும் என்றும் இல்லை. செல்லோ கலைஞர் பாப்லோ கஸால்ஸ் சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஸ்பெயினுக்குத் திரும்பாமல் பிரெஞ்சு எல்லையில் ப்ராடில் தங்கினார். உலகப் போர் முடிந்த பிறகும் வெற்றி பெற்ற நாடுகள் ஃபிராங்கோவை விட்டுவைத்ததைக் கண்டித்து மேடையில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். துக்கத்திலோ கோபத்திலோ பாட்டு கசக்கிறது என்றால் கேட்காதீர்கள், அதுவும் நியாயம்தான்.

சரி, உங்கள் குற்ற உணர்ச்சிக்கு வருகிறேன். நான் சொன்ன மனிதர்கள் எல்லாம் குண்டுக்கு அடியில் இருந்தவர்கள். நீங்கள் தொலைவிலிருந்து பார்க்கிறீர்கள். இந்த வித்தியாசம் உண்மையானது, அதை உங்கள் மனம் சரியாகத்தான் பிடித்திருக்கிறது. அவர்களுக்கு அடுத்த வாரம் நிச்சயமில்லை, உங்களுக்கு அநேகமாக உண்டு. ஆகவே அவர்களுடைய நியாயத்தை அப்படியே எடுத்து நமக்குப் போர்த்திக்கொள்ள முடியாது. ஆனால் நாள் முழுக்கப் போர்க் காணொளிகளைப் பார்த்து நீங்கள் தூக்கமில்லாமல் கிடந்தால் அங்கே இருப்பவருக்கு அதனால் ஒரு துளி நன்மையும் இல்லை. செய்திக்குக் காலையிலும் மாலையிலும் ஒரு நேரம் ஒதுக்குங்கள். கொடுக்க முடிந்த பணத்தைக் கொடுங்கள். மிச்ச நேரத்தில் பாட்டு கேட்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இசைச் செய்தி படிப்பவராக இருப்பதால் உங்களால் ஒன்று செய்ய முடியும். போர் நடக்கும் நாட்டின் இசைச் செய்திகளையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே எந்தக் குழு இன்னும் வாசிக்கிறது, எந்த அரங்கம் திறந்திருக்கிறது, யார் புதிதாகப் பதிவு செய்து வெளியிட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். இடிபாடு, எண்ணிக்கை, வரைபடம் என்று மட்டுமே தெரிந்த ஊரில் சில பெயர்கள் தெரியவரும், சில குரல்கள் தெரியவரும். அவர்கள் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். இரண்டு பக்கத்திலும் தேடுங்கள், போரை எதிர்த்ததால் மேடை இழந்த கலைஞர்கள் தாக்கும் நாட்டிலும் இருப்பார்கள். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், பாதுகாப்பாக இருக்கிறீர்களா என்று கேட்ட பிறகு, இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் கேளுங்கள். முதல் கேள்வியை அவரிடம் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் 1942-இல் எடுத்த 'லிசன் டு பிரிட்டன்' என்ற இருபது நிமிட ஆவணப்படத்தைப் பாருங்கள். மைரா ஹெஸ் தேசிய ஓவியக்கூடத்தில் மொசார்ட் வாசிப்பது அதில் இருக்கிறது, தொழிற்சாலை ஒலிபெருக்கிப் பாட்டும் இருக்கிறது. அப்புறம் உல்மானின் ஏழாவது பியானோ சொனாட்டா. 1944-இல் முகாமுக்குள் எழுதியது, பல நல்ல பதிவுகள் கிடைக்கின்றன. கார்கிவ் மெட்ரோ கச்சேரியின் காணொளியும் இணையத்தில் உண்டு.